பொம்மைக் காருக்குப் புத்தகம் இருக்கு, எம்டி 90க்கு ஏன் இல்லை?

நைற்றோ கார் எண்டு ஒரு சாமான் இருக்கிறது. ரிமோற்றால் ஓட்டுகிற விளையாட்டுக் கார்தான், ஆனால் பற்றறியில் ஓடுவதல்ல. உள்ளே உண்மையான எஞ்சின் இருக்கும். பெருவிரல் நகத்தின் அகலத்தில் ஒரு பிஸ்ரன், அதுக்கேற்ற காபரேற்றர், சைலன்சர், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுகூட வராத எரிபொருள் தாங்கி. பெற்றோல் விட்டால் ஓடாது. மெதனோலும் நைற்றோமீதேனும் ஒயிலும் கலந்த தனி எரிபொருள் வேணும். எங்கட ஊர்க் கடைகளில் நாங்கள் இதைக் கண்டதில்லை. எங்களில் ஒருத்தியின் மச்சான் ரொறன்ரோவில் ஒண்டு வைத்திருக்கிறார். போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் அதை ரியூன் பண்ணிக் காட்டினார். கார் ஓடினது ஐந்து நிமிசம். ரியூன் பண்ணினது முக்கால் மணித்தியாலம்.

அந்த முக்கால் மணித்தியாலம் எங்களுக்குப் பிடித்துக்கொண்டது. காபரேற்றரில் திருப்புவதற்கு மூன்று இடம்தான் இருக்கிறது. வேகமாக ஓடும்போது எவ்வளவு எரிபொருள் உள்ளே போகவேண்டும் என்று தீர்மானிக்கிற ஊசி ஒண்டு. மெதுவாக ஓடும்போது தீர்மானிக்கிற ஊசி இன்னொண்டு. மூன்றாவது, சும்மா நிற்கும்போது எஞ்சின் நின்றுபோகாமல் பிடித்துவைக்கிற ஐடில் ஸ்குறூ. ஊசியை வலப்பக்கம் திருகினால் எரிபொருள் குறையும், இடப்பக்கம் திருகினால் கூடும். கூடினால் 'றிச்', குறைந்தால் 'லீன்' என்கிறார்கள். றிச்சாக இருந்தால் சைலன்சரால் தடித்த புகை வரும், கார் சோம்பேறித்தனமாக இழுக்கும். லீனாக இருந்தால் புகை மெலியும், சத்தம் கூர்மையாகும், கொஞ்ச நேரத்துக்கு நல்ல வேகமும் வரும். ஆபத்து இந்த இடத்தில்தான். இந்த எஞ்சினுக்கு ஒயில் தனியாகப் போவதில்லை, எரிபொருளோடு கலந்துதான் போகிறது. எரிபொருளைக் குறைத்தால் ஒயிலும் சேர்ந்து குறையும். வேகம் வருகுது எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு இருக்கும்போது உள்ளே பிஸ்ரன் காய்ந்துகொண்டிருக்கும்.

அதனால் எப்போதும் றிச் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு தடவைக்கு மணிக்கூட்டு முகத்தில் ஒரு மணித்தியாலக் குறியளவு மட்டும் திருகி, ஓட்டிப் பார்த்து, திரும்பக் கொண்டுவந்து இன்னொரு குறி திருகுகிறார்கள். எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் உண்டு. விட்ட உடனேயே 'சுர்' எண்டு பறந்தால் சூடு கூட, மூன்று நாலு செக்கன் கொதித்து வற்றினால் சரி. ஐடிலைச் சோதிக்க எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பிடிப்பார்கள். உடனே நின்றுபோனால் லீன். கனநேரம் ஓடி, வேகம் ஏறி ஏறிப் பிறகு நின்றால் றிச். வெயில் கூடி, காற்றில் ஈரமும் கூடினால் நேற்றுச் சரியாக இருந்த ஊசி இண்டைக்குச் சரிவராது.

இதெல்லாம் மச்சான் கண்டுபிடித்த விசயம் இல்லை. காரோடு வந்த கையேட்டில் படத்தோடு இருக்கிறது. அறிகுறி என்ன, காரணம் என்ன, எந்த ஊசியை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பவேண்டும் எண்டு அட்டவணையே போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் ஓ.எஸ். என்கிற நிறுவனம் 1936 இலிருந்து மொடல் எஞ்சின் செய்துவருகிறது. இத்தனை வருசத்தில் இந்தப் பொழுதுபோக்கைச் சுற்றி ஒரு பெரிய எழுத்துச் சேகரம் வளர்ந்துவிட்டது. இப்போது லித்தியம் பற்றறிக் கார்கள் வந்து நைற்றோவின் இடத்தைப் பெருமளவு பிடித்தும் விட்டன. ஆனாலும் நாளைக்கே உலகத்தில் கடைசி நைற்றோ கார் உடைந்துபோனாலும், அதை எப்படி ரியூன் பண்ணினார்கள் என்று 100 வருசத்துக்குப் பிறகும் ஒருவர் வாசித்து அறியலாம்.

இந்தக் கட்டுரை நைற்றோ காரைப் பற்றியது மட்டும் இல்லை. மச்சான் ஊசியைத் திருகித் திருகிக் காரை முறுக்கிக் காட்டின நேரத்தில், பின்னுக்குக் கதிரையில் இருந்த மாமா (மச்சானின் அப்பா) தொலைக்காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"தம்பி, எண்ணெய் காணாது. கத்துது பார். கொஞ்சம் திறந்து விடு."

மச்சான் சூடு பார்க்கிற கருவியைப் பிடித்துப் பார்த்தார். மாமா சொன்னதுதான் சரி. மாமா அந்தக் காரை ஒருநாளும் தொட்டதில்லை, அவருக்கு அது காசைக் கரியாக்கிற விளையாட்டு. எப்பிடித் தெரியும் எண்டு கேட்டதுக்கு, "எம்டி 90ஐ நாலு வருசம் மண்ணெண்ணெயில ஓடினவனுக்கு இது தெரியாதே?" எண்டார். அதோடு திரும்பத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார்.

நாங்கள் எல்லோரும் 2002க்குப் பிறகு பிறந்த ஆக்கள். யாழ்ப்பாணத்தில் மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடினது எங்களுக்கும் தெரியும். எல்லா வீட்டிலும் சொல்லுகிற கதைதானே. ஆனால் 'எப்படி ஓடினது' என்று எங்களில் ஒருவரையாவது கேட்டால், 'கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு...' எண்டதோடு கதை முடிந்துவிடும். பொம்மைக் காரின் காபரேற்றருக்கு அட்டவணை இருக்கிறது. ஒரு குடாநாட்டையே ஓட்டின காபரேற்றருக்கு, நாங்கள் தேடின அளவில், ஒரு பக்கம்கூட இல்லை. இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

மாமாவிடமும், பிறகு ஊரில் நாலைந்து பழைய கராச்சுகளிலும் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டதை முதலில் சொல்லுகிறோம்.

1990 நடுப்பகுதியில் போர் திரும்பத் தொடங்கினதோடு குடாநாட்டுக்குள் பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்களாகின. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக வந்தது. அதுவும் விளக்குக்கும் அடுப்புக்கும் எண்டுதான். அந்த மண்ணெண்ணெயில்தான் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு வரைக்கும் எம்டி 90, சி 90, சிடி 200, சலி எல்லாம் ஓடின. ஏ 40, மொறிஸ் மைனர் கார்களும் ஓடின. இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் இன்னும் கனகாலம் ஓடின.

பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஏன் ஒத்துவராது? பெற்றோல் சாதாரண வெக்கையிலேயே ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் அப்படியில்லை. அது 40 பாகை செல்சியசை ஒட்டிச் சூடாகினால்தான் தீப்பிடிக்கக்கூடிய அளவு ஆவியைத் தரும். காபரேற்றரின் வேலை எரிபொருளைக் காற்றோடு கலந்து அனுப்புவது. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகப் போகாமல் துளியாகப் போகும். பிளக் நனையும், பொறி பறந்தாலும் பத்தாது. இதற்காகத்தான் அந்த 'கொஞ்சம் பெற்றோல்'. ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருப்பார்கள். காபரேற்றரின் வாய்க்குள் நாலைந்து சொட்டு அடித்து, உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகும் வரைக்கும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். சூடு வந்ததும் மண்ணெண்ணெய் தானாக ஏறும். வழியில் ஒருக்கால் நின்றுபோனால், கொஞ்ச நேரத்துக்குள் திரும்ப உதைத்தால் பிடிக்கும். ஆறவிட்டால் திரும்பவும் போத்தல்தான். இதனால் ஆற்றையும் வீட்டு வாசலில் நிண்டு கதைக்கிறதென்றாலும் எஞ்சினை நிற்பாட்டாமல் கதைப்பார்களாம்.

கதையில் வருவது இவ்வளவும்தான். இதுக்குப் பிறகுள்ளதுதான் உண்மையான வேலை, அது கதையில் வருவதில்லை.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு பெற்றோலைவிட மிகக் குறைவு. பெற்றோலுக்காகச் செய்த எஞ்சினுக்குள் அது நெருக்கப்படும்போது, எரியவேண்டிய விதத்தில் எரியாமல் ஒரு மூலையில் தானாக வெடிக்கும். வெளியே 'டக் டக்' எண்டு தட்டுகிற சத்தம் கேட்கும், ஏற்றத்தில் இன்னும் கூடக் கேட்கும். அதைக் குறைக்க நெருக்கத்தைக் குறைக்கவேண்டும். எஞ்சின் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கற்றைப் போட்டு உயர்த்தினால் நெருக்கம் குறையும். கஸ்கற்றும் வராத காலம், கிடைக்கிற தகட்டில் வெட்டிச் செய்தார்கள். பொறி பறக்கிற நேரத்தைப் பிந்த வைப்பதும் உதவும். இரண்டுக்கும் விலை உண்டு, இழுவை குறையும். எவ்வளவு தட்டினால் பரவாயில்லை, எவ்வளவு இழுவை போனால் பரவாயில்லை எண்டு ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொரு பாவனைக்கும் தீர்மானிக்கவேண்டி இருந்தது. மீன் கட்டுகிறவருடைய மோட்டச்சைக்கிளும் வாத்தியாருடைய மோட்டச்சைக்கிளும் ஒரே மாதிரி ரியூன் பண்ணுப்படவில்லை எண்டு ஒரு மெக்கானிக் ஐயா சொன்னார். மீன் கட்டுகிறவர் பெட்டியோடு முழு வேகத்தில் போகிறவர், அவருடையது எப்பவும் சூடு. வாத்தியார் ஆறுதலாகப் பள்ளிக்கூடம் போய்வருகிறவர், அவருடையது சூடாகாமலே பிளக் கறுக்கும்.

எரியாமல் மிஞ்சின மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். தண்ணியான ஒயில் எஞ்சினைக் காக்காது. அடிக்கடி மாற்றவேண்டும், ஆனால் ஒயில் எங்கே? குச்சியை இழுத்து விரலில் தொட்டு, தேய்த்து, மணந்து பார்த்து இன்னும் எத்தனை நாள் தாங்கும் எண்டு கணித்திருக்கிறார்கள். நைற்றோ காரில் எரிபொருள் குறைந்தால் ஒயில் குறைந்து எஞ்சின் போகும். இங்கே எரிபொருள் கூடினால் ஒயில் கெட்டு எஞ்சின் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. அதைப் புகையின் நிறத்தாலும் சத்தத்தாலும் பிளக்கின் கறுப்பாலும் கண்டுபிடிப்பது ஒரே வித்தைதான்.

இது வெறும் வெறுமையிலிருந்து முளைத்த வித்தை எண்டு நாங்கள் நினைக்கவில்லை. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற தண்ணி இறைக்கிற மெசின்கள் தோட்டங்களில் முதலே இருந்தன. கடலில் மண்ணெண்ணெய் அவுட்போட் எஞ்சின்கள் இருந்தன. அதற்கும் முதல், 1940களின் கடைசியில், இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகையையே மண்ணெண்ணெய்க்குக் கிட்டின எரிபொருளில் ஓடச் செய்திருக்கிறார்கள். பெற்றோலில் தொடங்கி, சூடான பிறகு மாற்றுகிற அதே முறை. எங்கட மெக்கானிக்மாருடைய கெட்டித்தனம், வெங்காயத் தோட்டத்து மெசினில் தெரிந்திருந்ததை அதுக்கெண்டு செய்யப்படாத மோட்டச்சைக்கிளுக்கும் காருக்கும் கொண்டுபோனதில் இருக்கிறது எண்டு நினைக்கிறோம். இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. 'உலகத்தில் ஒருத்தரும் செய்யாததை எங்கட ஆக்கள் செய்தவை' எண்டு கேட்கத்தான் எல்லாருக்கும் விருப்பம்.

அந்த விருப்பத்தைப் பற்றியும் கொஞ்சம் கதைக்கவேண்டும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாங்களும் நிண்டனாங்கள். கியூஆர் அட்டை வந்த புதிதில் மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த நேரம் முகநூல் முழுக்க மண்ணெண்ணெய்க் கதைகள் ஓடின. 'இதெல்லாம் எங்களுக்கு ஒரு வரிசையே', 'தமிழன் மூளை' எண்டு படத்தோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, வலியைப் பகிடியாக்குகிற உரிமை பட்ட ஆக்களுக்கு இருக்கிறது. ஆனால் பகிர்ந்தவர்களில் பாதிப்பேர் எங்கட வயசு. எங்களுக்கு அந்த உரிமை அப்படியே கைமாறி வருமா என்பது வேற கேள்வி. அந்தப் படங்கள் ஒண்டிலும் கண்ணெரிக்கிற வெள்ளைப் புகை இல்லை. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெற்றோல் போத்தலைப் பிடித்துச் சுட்டுக்கொண்ட கைகள் இல்லை. பழைய ஆக்களிடம் கேட்டால் தீப்பிடித்த கதை ஒண்டாவது வரும். எஞ்சின் சீக்கிரமாகத் தேய்ந்து, போர் பண்ணி, திரும்பத் தேய்ந்த கதை வரும். விளக்குக்கு வேண்டிய மண்ணெண்ணெயை மோட்டச்சைக்கிளுக்கு விட்ட வீட்டில் பிள்ளை எந்த வெளிச்சத்தில் படித்தது எண்ட கேள்வியும் வரும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறினபோது படகு கரையில் கிடந்த மீனவருக்கு அந்தப் பகிடி விளங்கியிராது.

பெருமை பேசுகிறதால் இன்னொரு நட்டமும் உண்டு. 'தமிழன் மூளை' எண்டு சொல்லி முடித்த இடத்தில், எந்தத் தமிழர், எந்தக் கராச், எந்த ஊசி, எத்தனையாவது குறி எண்ட கேள்விகள் நின்றுவிடுகின்றன. எல்லாரும் கெட்டிக்காரர் எண்டால் ஒருவரையும் பேர் சொல்லத் தேவையில்லை, ஒண்டையும் எழுதிவைக்கத் தேவையில்லை.

எழுதிவைப்பது யாருடைய வேலை? எங்கட பச்சில் ஒருவர் கடைசி வருச ஆய்வுக்கு இதைத் தலைப்பாகக் கொடுக்கப் பார்த்தார். பொருளாதாரத் தடைக்கால கராச்சுகளும் அவற்றின் தொழில்நுட்ப அறிவும் எண்டு. 'இது கலைப்பீடத்துக்குரிய விசயம் இல்லை, பொறியியல் பக்கம் போகவேண்டியது' எண்டு ஒரு விரிவுரையாளர் அன்பாகத்தான் சொன்னார். பொறியியல் படிக்கிற கூட்டாளி ஒருவனைக் கேட்டால், "மச்சான், காபரேற்றர் எங்கட பாடத்திலயே இல்லை" எண்டு சிரிக்கிறான். இரண்டு பீடங்களுக்கும் இடையில் இருக்கிற மதிலில் மாமாவின் எம்டி 90 சாத்திவைத்தபடி நிற்கிறது.

எங்களுக்கு இது விளங்கவில்லை. கலைப்பீடத்தில் நாட்டார் பாடல் சேகரிக்கிறோம். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் பின்னால் ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறோம். நாட்டு வைத்தியரின் ஏடு தேடுகிறோம். வாய்மொழியாகக் கைமாறுகிற அறிவுக்கு மரியாதை கொடுக்கப் பழக்கினதே இந்தப் பீடம்தான். அப்படியெண்டால் கராச்சில் இருக்கிறதும் அதுதானே? குருவின் பக்கத்தில் இருந்து சாவி எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, சத்தம் கேட்டுக் கேட்டுப் பழகினது. எழுத்தில் இல்லை. ஊருக்கு ஊர் பாடபேதம் உண்டு. தொழில் இரகசியமும் உண்டு. ஒரே வித்தியாசம் கையில் கிறீஸ் இருக்கிறது. பாட்டுக் கட்டினவருடைய செவிக்குக் கொடுக்கிற மரியாதையை எஞ்சின் கேட்டவருடைய செவிக்கு ஏன் கொடுக்கமாட்டோம் எண்டு நினைத்துப் பார்த்தால் சாதி, வகுப்பு, படிப்பு எல்லாம் அந்தக் கிறீஸுக்குள் கலந்திருக்கிறது தெரியும்.

பாடபேதம் எண்டு சொன்னோம். அதுக்கு ஒரு உதாரணம். ஒரு கராச்சில், மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போது காபரேற்றரின் ஜெற்றில் இருக்கிற துவாரத்தைக் கொஞ்சம் பெருப்பித்தே ஆகவேண்டும் எண்டார்கள். மண்ணெண்ணெய் தடிப்பு, ஆவியாகாமல் வீணாகிறதும் கூட, ஆகையால் கூடக் கொடுக்கவேண்டும் எண்டது அவர்களின் நியாயம். அங்கேயிருந்து மூன்று மைல் தள்ளி இன்னொரு மெக்கானிக் ஐயா இதைக் கேட்டுவிட்டு, "துளைச்சவை எல்லாம் பிறகு பெற்றோல் வந்த நேரம் ஜெற் தேடித் திரிஞ்சவை" எண்டார். அவர் ஜெற்றைத் தொட்டதேயில்லையாம். ஊசியில் கொளுவுகிற கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயரும், எண்ணெய் கூடும், பெற்றோல் வந்தால் திரும்ப மேலே ஏற்றலாம். முதலாமவர் இருக்கிற நிலைமை இப்படியே இருக்கும் எண்டு வேலை செய்திருக்கிறார். இரண்டாமவர் பெற்றோல் ஒருநாள் வரும் எண்டு வேலை செய்திருக்கிறார். 1990களின் முன்பாதியில் மக்கள் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் எண்டு அறிய எத்தனையோ நேர்காணல் செய்கிறோம். அதில் ஒரு பங்கு பதில் இந்தக் கிளிப்பிலும் கிடக்கிறது.

சொற்களும் அப்படித்தான். றிச், லீன் எண்டு ஒருத்தரும் சொல்லவில்லை. 'எண்ணெய் கூட', 'எண்ணெய் காணாது', 'காத்து இழுக்குது', 'கத்துது', 'முக்குது', 'இருமுது' எண்டு சொன்னார்கள். 'முக்குது' என்பது ஏற்றத்தில் எண்ணெய் கூடித் திணறுகிற சத்தம். 'இருமுது' என்பது எண்ணெய் காணாமல் காபரேற்றர் வழியாகத் திருப்பி அடிக்கிற சத்தம். இரண்டையும் ஒரு ஐயா வாயாலேயே செய்து காட்டினார், அச்சு அசல். நோயாளிக்குச் சொல்லுகிற சொற்களை எஞ்சினுக்குச் சொல்லுகிறார்கள். இந்தச் சொற்பட்டியல் ஒரு அகராதியிலும் இல்லை. இதற்கு எந்தப் பீடத்து அனுமதியும் தேவையில்லை எண்டதால் நாங்களாகவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

கராச்சை மட்டும் தேடிப்போனால் ஆம்பிளைகளின் கதைதான் கிடைக்கும் எண்டதையும் சொல்லவேண்டும். எங்களில் ஒருவரின் அம்மம்மா, வீட்டு ஆம்பிளைகள் எல்லாம் வெளியில் போன காலத்தில், தோட்டத்து மெசினைத் தானே பெற்றோல் சொட்டு விட்டு இழுத்து ஸ்ரார்ட் பண்ணினவ. கயிறு அறுந்தால் சீலைக் கரையைத் திரித்துச் சுற்றி இழுப்பாவாம். புகை நீலமாக வந்தால் என்ன, வெள்ளையாக வந்தால் என்ன, கறுப்பாக வந்தால் என்ன எண்டு அவவுக்குத் தெரியும். கேட்டால், "அதெல்லாம் ஒரு விசயமே பிள்ளை" எண்டு கையை உதறுவா. கராச்சுக்காரருக்கு ஒரு பலகையாவது இருந்தது, பேர் எழுதி. கிணத்தடிக்கு அதுவும் இல்லை.

இதை இப்ப ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்லுகிறோம் எண்டால், காலம் கிடக்குது எண்டு இருக்க ஏலாது. 1990இல் 25 வயதாக இருந்த மெக்கானிக்குக்கு இப்போது 60 வயதாவது இருக்கும். அவருக்குப் பழக்கினவர் பெரும்பாலும் இல்லை. இன்னொரு பக்கம் காபரேற்றரும் போய்க்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் புதிய புகைக்கட்டுப்பாடு வந்ததோடு அங்கே செய்கிற மோட்டச்சைக்கிள்களில் பெரும்பாலானவை எரிபொருளை ஊசியால் பீச்சுகிற முறைக்கு மாறிவிட்டன. அதில் ஒரு சின்னக் கணினி புகையை மணந்து பார்த்துத் தானே கலவையைத் திருத்தும். இங்கே 2020இலிருந்து வாகன இறக்குமதி நிற்பாட்டப்பட்டிருந்தபடியால் பழைய காபரேற்றர் வண்டிகளே ஐந்து வருசம் கூடுதலாக ஓடின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. இனிமேல் வருவது பெரும்பாலும் கணினி வைத்ததுதான். நாங்கள் அதை எதிர்க்கவில்லை. புகை குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு. எங்களுக்கு ஒண்டு கிடைத்தால் வேண்டாம் எண்டு சொல்லவும் மாட்டோம். ஆனால் பழுதானால் மெக்கானிக் காதைக் கிட்டக் கொண்டுபோகமாட்டார், வயரைக் கொளுவித் திரையைப் பார்ப்பார். சத்தம் கேட்கத் தெரிந்த கடைசி ஆக்கள் இப்பவும் எங்கட சந்திகளில் கடை திறந்துகொண்டு இருக்கிறார்கள், பின்னேரம் நாலு மணிக்குப் போனால் கதைக்கலாம்.

போகிற ஆக்களுக்கு நாங்கள் பட்டு அறிந்த சில விசயம். நேர்காணல் எண்டு சொல்லிக்கொண்டு போனால் ஐயாமார் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து இருந்து வரலாறு சொல்லத் தொடங்கிவிடுவார்கள், ஊசியைப் பற்றி ஒண்டும் வராது. பழைய வண்டி ஒண்டைத் தள்ளிக்கொண்டு போங்கோ. திருத்தச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் குந்தி இருங்கோ. கை வேலை செய்யும்போதுதான் வாய் சரியாகச் சொல்லும். 'மண்ணெண்ணெயில் ஓடினதா?' எண்டு கேட்காமல் 'கிளிப்பை எத்தனையாவது காடியில் போட்டனீங்கள்?' எண்டு கேளுங்கோ. வேலைக்குரிய காசைக் கட்டாயம் கொடுத்துவிட்டு வாங்கோ. கதைக்கு எண்டு மினக்கெட்ட நேரத்துக்கும் சேர்த்து.

கதையை மட்டும் பதியாமல் சத்தத்தையும் பதியவேண்டும். அந்தக் கையேட்டில்கூட இல்லாதது இதுதான். எண்ணெய் கூடினபோது ஒரு நிமிசம், காணாதபோது ஒரு நிமிசம், சரியாக வந்தபிறகு ஒரு நிமிசம். நாங்கள் இதுவரை ஒரு சி 90இலும் ஒரு தண்ணி மெசினிலும் பதிந்திருக்கிறோம், இரண்டும் பெற்றோலில் ஓடினபோது. போனைச் சைலன்சருக்கு நேரே பிடித்தால் காற்று அடித்துச் சத்தம் உடையும், பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடிக்கவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடுகிற எம்டி 90 ஒண்டின் சத்தம் இன்னும் கிடைக்கவில்லை. ஒருவர் ஓடிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். தகட்டுக் கஸ்கற் வெட்டுவதற்கு இரண்டு கிழமை தவணை கேட்டிருக்கிறார்.